வரிசைப் புத்தகம் யார் கையில்?

ஒரு கட்டடம் கட்டி முடிக்கப்படும் நாள், அதன் உரிமையாளருக்குத் திறப்பு விழா. அதைக் கட்டிய தொழிலாளிக்கோ வேலை முடிந்துபோகும் நாள். ஆசிரியருக்கும் தாதிக்கும் வங்கி ஊழியருக்கும் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. கட்டுமானத் தொழிலாளி மட்டும் ஒரே ஆண்டில் இரண்டு மூன்று முறைகூடப் புதிதாக வேலை தேட வேண்டியிருக்கும். அதனால் இந்தத் துறையில் சம்பளம் எவ்வளவு என்ற கேள்விக்குச் சமமான இன்னொரு கேள்வி எப்போதும் இருக்கிறது. அடுத்த வேலைக்கு யாரைக் கூப்பிடுவது என்பதை யார் முடிவு செய்கிறார்?

இதற்கு உலகம் கண்ட விடைகள் மூன்று. முதலாளியே முடிவு செய்யலாம். இடைத்தரகர் முடிவு செய்யலாம். தொழிலாளர்களின் சங்கம் முடிவு செய்யலாம். அமெரிக்காவின் கட்டுமானத் தொழிற்சங்கங்கள் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்து நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆகின்றன. அந்த வழி நல்லதா கெட்டதா என்று ஒரு வரியில் சொல்லிவிட முடியாது. ஆனால், கட்டுமானத்துக்குப் பெரிதும் வெளிநாட்டு ஊழியர்களை நம்பியிருக்கும் சிங்கப்பூரில் வாழும் நாம், அந்த அனுபவத்திலிருந்து கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

வேலைக்கூடம் எப்படி இயங்குகிறது?

அமெரிக்கர்கள் இதை 'ஹயரிங் ஹால்' என்கிறார்கள். நாம் வேலைக்கூடம் என்று வைத்துக்கொள்வோம். மின்பணியாளர், குழாய்ப் பணியாளர், தச்சர், இரும்பு வேலை செய்வோர் என ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சங்கம். ஒவ்வொரு வட்டாரத்திலும் அதற்கு ஓர் உள்ளூர்க் கிளை. ஒரு தளத்தில் வேலை முடிந்ததும் தொழிலாளி அந்தக் கிளைக்குப் போய், வேலை இல்லாதோர் பட்டியலில் தம் பெயரைப் பதிகிறார். குத்தகையாளருக்கு ஆள் தேவைப்படும்போது அவர் கிளையைத் தொடர்புகொள்கிறார். 'திங்கட்கிழமை காலை ஆறு மின்பணியாளர்கள் வேண்டும்' என்றால், பட்டியலில் முதலில் நிற்கும் ஆறு பேருக்கு அழைப்பு போகும்.

பல மின்பணியாளர் கிளைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட பட்டியல்கள் உண்டு. அவற்றை அவர்கள் 'புத்தகம்' என்றே சொல்கிறார்கள். அந்த வட்டாரத்திலேயே வசித்து, போதிய அனுபவமும் தேர்ச்சியும் பெற்றவர்கள் முதல் புத்தகத்தில் இருப்பார்கள். வேறு ஊர்களிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் இரண்டாம் புத்தகத்தில். முதல் புத்தகத்தில் ஆள் தீர்ந்த பிறகே இரண்டாவதைத் திறப்பார்கள். வேலை சில நாள்களிலேயே முடிந்துவிட்டால், போனவர் வரிசையில் தம் பழைய இடத்தை இழக்க மாட்டார். வந்த அழைப்பைத் திரும்பத் திரும்ப மறுப்பவரின் பெயரோ அடியில் போய்ச் சேரும். பல கூடங்களில் இத்தகைய நுணுக்கமான விதிகள் இருக்கின்றன.

இதனால் தொழிலாளிக்கு என்ன பயன்? மேற்பார்வையாளருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, பல்லை இளித்து வேலை கேட்க வேண்டியதில்லை. போன தளத்தில் பாதுகாப்புக் குறைபாட்டைச் சுட்டிக்காட்டியதற்காக அடுத்த வேலை கிடைக்காமல் போகும் அச்சமும் குறைகிறது. மருத்துவக் காப்புறுதியும் ஓய்வூதியமும் குத்தகையாளரைச் சாராமல், சங்கமும் முதலாளிகளும் சேர்ந்து நடத்தும் பொது நிதியில் இருப்பதால், ஒருவர் பத்துக் குத்தகையாளர்களிடம் மாறி மாறி வேலை செய்தாலும் அவை அவருடனேயே வரும்.

முதலாளிக்கும் பயன் உண்டு. ஆண்டு முழுவதும் ஆள்களை வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. வேண்டிய நேரத்தில் பயிற்சி பெற்றவர்கள் வந்து நிற்பார்கள். அந்தப் பயிற்சியையும் இரு தரப்பும் சேர்ந்தே நடத்துகின்றன. மின்பணிக்குப் பொதுவாக ஐந்தாண்டு பழக வேண்டும். பழகுநர் பகலில் தளத்தில் வேலை செய்து சம்பளம் வாங்குகிறார். அதோடு வகுப்புக்கும் போகிறார். படித்து முடிக்கும்போது அவர் தலையில் கல்விக் கடன் இருப்பதில்லை. பல்கலைக்கழகக் கட்டணத்தை எண்ணிக் கவலைப்படும் நம்மில் பலருக்கு இது பொறாமை தரும் ஏற்பாடுதான்.

சட்டம் போட்ட எல்லைகள்

சங்கத்தின் கையில் வேலை இருந்தால், சங்கத்தில் சேராதவர் என்ன ஆவார் என்ற கேள்வி தொடக்கத்திலிருந்தே இருந்தது. உறுப்பினரை மட்டுமே வேலைக்கு எடுக்க வேண்டும் என்ற பழைய ஏற்பாட்டை 1947ஆம் ஆண்டின் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் தடை செய்தது. ஆனால், இன்று தொடங்கி நாளை முடியும் கட்டுமான வேலைக்குச் சாதாரணத் தொழிற்சாலை விதிகள் பொருந்தவில்லை. ஆகவே 1959ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இத்துறைக்குத் தனி விலக்கு அளித்தது. ஓர் ஆளைக்கூட வேலைக்கு எடுப்பதற்கு முன்பே குத்தகையாளரும் சங்கமும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். மற்றத் துறைகளில் வேலைக்குச் சேர்ந்து 30 நாள் கழித்தே சங்கத்தில் சேரச் சொல்ல முடியும். கட்டுமானத்தில் அது 7 நாள்.

வேலைக்கூடமே சட்டத்துக்குப் புறம்பானது அன்று என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1961இல் கூறியது. அதோடு முக்கியமான ஒரு கடமையும் சங்கங்களுக்கு உண்டு. கூடம் உறுப்பினர், உறுப்பினர் அல்லாதோர் என்று பார்க்காமல் வேலைக்கு அனுப்ப வேண்டும். தமக்கு அநீதி நடந்ததாக நியாயமான ஐயம் இருந்தால், தொழிலாளி பதிவேட்டைக் காட்டச் சொல்லலாம். காட்ட மறுத்தால் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்திடம் புகார் செய்யலாம். புத்தகத்தைத் திறந்து பார்க்கும் இந்த உரிமையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மீண்டும் இதற்கு வருவோம்.

தந்தையின் இடம் மகனுக்கு

இனி நாணயத்தின் மறுபக்கம். வரிசையில் நிற்பவர்களுக்குள் நியாயம் இருந்தது சரி, வரிசையில் நிற்கவே யாருக்கு இடம் கிடைத்தது? அமெரிக்கக் கட்டுமானச் சங்கங்கள் பலவற்றின் வரலாறு இங்கேதான் தலைகுனிகிறது.

நியூ ஆர்லியன்ஸ் நகரில் அஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் சங்கத்தின் 53ஆம் கிளை, உறுப்பினர்களின் மகன்களையும் நெருங்கிய உறவினர்களையும் மட்டுமே சேர்த்துக்கொண்டது. அங்கு ஒரு கறுப்பினத்தவர்கூட உறுப்பினராக இருந்ததில்லை. 'கறுப்பினத்தவர் வேண்டாம்' என்று எங்கும் எழுத வேண்டியதே இல்லை. 'உறவினர் மட்டும்' என்ற விதி அந்த வேலையைத் தானாகவே செய்துவிட்டது. 1969இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது.

அதே ஆண்டில் அதிபர் நிக்சனின் அரசாங்கம் 'பிலடெல்ஃபியா திட்டத்தை' அறிவித்தது. இதை முன்னின்று நடத்தியவர் துணை அமைச்சர் நிலையில் இருந்த ஆர்தர் ஃபிளெட்சர் என்ற கறுப்பின அதிகாரி. அந்த வட்டாரக் கட்டுமானத் துறை முழுவதிலும் சிறுபான்மையினர் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர். நல்ல சம்பளம் கிடைக்கும் ஆறு தொழில்களிலோ அவர்கள் ஏறத்தாழ 1 விழுக்காடுதான். அதாவது, மண் சுமக்கவும் கலவை குழைக்கவும் கூப்பிட்டார்கள். மின்கம்பி இழுக்கவும் இரும்புத் தூண் நிறுத்தவும் கூப்பிடவில்லை. அரசாங்கப் பணம் பெறும் பெரிய திட்டங்களில் குத்தகையாளர்கள் சிறுபான்மையினரைச் சேர்ப்பதற்கு இலக்கும் காலக்கெடுவும் வைக்க வேண்டும் என்றது அந்தத் திட்டம். 1971இல் நீதிமன்றமும் அதை ஏற்றது.

நியூயார்க்கின் உலோகத் தகட்டுத் தொழிலாளர் சங்கத்தின் 28ஆம் கிளை இன்னும் பிடிவாதமாக இருந்தது. அது கறுப்பினத்தவரை ஒதுக்குகிறது என்று மாநில மனித உரிமை ஆணையம் 1964இலேயே கண்டது. 1975இல் நீதிமன்றம் உறுப்பினர்களில் 29 விழுக்காட்டினர் வெள்ளையர் அல்லாதோராக இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. கிளை இழுத்தடித்தது, நீதிமன்ற அவமதிப்புக்காக அபராதமும் கட்டியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் முடிந்தது 1986இல். ஒரு பட்டியலில் பெயர் எழுதும் உரிமைக்காக 22 ஆண்டுகள்! 1964இல் பழகுநராகச் சேர விரும்பிய ஓர் இளைஞருக்கு அதற்குள் நாற்பது வயது ஆகியிருக்கும்.

பெண்களின் கதையும் ஏறக்குறைய இதுவே. 1978இல் அரசாங்கக் கட்டுமானத் திட்டங்களில் 6.9 விழுக்காட்டு வேலைநேரம் பெண்களுக்கு என்று இலக்கு வைத்தார்கள். இன்றும் தளத்தில் இறங்கி வேலை செய்வோரில் பெண்கள் 4 விழுக்காடு அளவிலேயே இருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் எழுதுவது சங்கங்களைத் தூற்றுவதற்காக அல்ல. அந்தத் தந்தையர் தீயவர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. தாம் போராடிப் பெற்ற நல்ல வேலை தம் பிள்ளைக்குக் கிடைக்கட்டும் என்று நினைத்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்களும் அப்படித்தானே நினைப்பார்கள்? ஆனால் எல்லாத் தந்தையரும் அப்படியே செய்தால், தந்தைக்கு அந்த வேலை இல்லாத பிள்ளை எங்கே போவான்?

பட்டியல் முதலாளி கையில் இருந்தால்?

சங்கம் இப்படி நடந்துகொண்டால், முதலாளியே ஆள் எடுப்பதுதான் நல்லது என்று சிலர் வாதிடலாம். திறமையைப் பார்த்து எடுப்பார், உறவைப் பார்க்க மாட்டார் என்பது அவர்கள் கருத்து. அதில் உண்மை இருக்கிறது. யாரோ அனுப்பும் ஆளை ஏற்க வேண்டியதில்லை. வந்தவர் தகுதியற்றவர் என்றால் திருப்பி அனுப்பும் உரிமை அமெரிக்காவிலும் குத்தகையாளர்களுக்குப் பொதுவாக உண்டு.

இருந்தாலும் பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். 2009இல் அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் 'கன்சல்டிங் அசோசியேஷன்' என்ற அமைப்பில் சோதனை நடத்தியது. அங்கே 3,200க்கும் மேற்பட்ட கட்டுமானத் தொழிலாளர்களின் பெயர்கள் கொண்ட கறுப்புப் பட்டியல் சிக்கியது. 40க்கும் மேற்பட்ட கட்டுமான நிறுவனங்கள் பணம் கட்டி அந்தப் பட்டியலைப் பயன்படுத்தி வந்தன. சங்கத்தில் தீவிரமாக இருந்தவர், பாதுகாப்பு பற்றிக் கேள்வி கேட்டவர் என்று குறிப்புகள். பெயர் இருந்தவருக்கு வேலை கிடைக்கவில்லை. ஏன் என்று காரணமும் தெரியவில்லை. பெரிய நிறுவனங்கள் சில 2016இல் மன்னிப்புக் கேட்டு இழப்பீடு தந்தன. அதற்குள் பலர் தொழிலையே விட்டுப் போயிருந்தார்கள்.

இரண்டு கதைகளிலும் தவறு செய்தவர்கள் வேறு. ஆனால் தவறு நடந்த விதம் ஒன்றே. பட்டியல் ஒரு தரப்பிடம் இருந்தது; அதில் இல்லாதவராலும் அதில் சிக்கியவராலும் அதைத் திறந்து பார்க்க முடியவில்லை.

நம் ஊரில் யார் வைத்திருக்கிறார்கள்?

மூன்றாவது வழி இடைத்தரகர். இது நமக்குப் புதிதன்று. மலாயாத் தோட்டங்களுக்குத் தமிழர்களை அழைத்து வந்தவர் கங்காணி. சொந்த ஊருக்குப் போய், தம் உற்றார் உறவினரிடமே பேசி ஆள் திரட்டுவார். ஆள் கணக்கில் அவருக்குப் பணம். வந்தவர்களோ வேலையைத் தொடங்கும் முன்பே அவருக்குக் கடன்பட்டிருப்பார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் தடை விதித்த பிறகே அந்த முறை முடிவுக்கு வந்தது. நம்மில் எத்தனையோ பேரின் முன்னோர் அப்படி வந்தவர்கள்தாம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியாவில் ஒரு கட்டுமான ஊழியரிடம் பேசிப் பாருங்கள். 'எப்படிண்ணே இந்த வேலைக்கு வந்தீங்க?' என்று கேட்டால், 'டெஸ்ட் அடிச்சு வந்தேன் தம்பி' என்பார். சிங்கப்பூர் அங்கீகரித்த நிலையத்தில் பயிற்சி பெற்று, திறன் தேர்வில் தேறி வந்தேன் என்று பொருள். 'ஏஜெண்டுக்கு எவ்வளவு கட்டினீங்க?' என்று அடுத்துக் கேளுங்கள். பதிலுக்கு முன் ஒரு மௌனம் வரும். நிலத்தை அடகு வைத்தது, மனைவியின் நகை, வட்டிக்கு வாங்கியது என்று அதன்பின் ஒவ்வொன்றாக வரும்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. சிங்கப்பூர் முகவர் ஓர் ஊழியரிடமிருந்து ஒப்பந்தத்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் வரைதான் கட்டணம் வாங்கலாம். வேலை கொடுப்பதற்காக முதலாளி ஊழியரிடம் பணம் வாங்குவது குற்றம். ஆனால், கடலுக்கு அப்பால் ஊரில் இருக்கும் முகவருக்கும் அவருக்குக் கீழே இருக்கும் துணை முகவருக்கும் கைமாறும் பணத்தை நம் சட்டம் எட்ட முடிவதில்லை.

இங்கே கட்டுமானத் துறைக்கென என்டியுசியின்கீழ் தொழிற்சங்கம் இருக்கிறது. வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவ என்டியுசியும் முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்து 2009இல் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தைத் தொடங்கின. சம்பளப் பாக்கி, காயம் போன்ற சிக்கல்களில் அவை கைகொடுக்கின்றன. ஆனால் யாருக்கு வேலை என்பதில் சங்கத்துக்கு இங்கு இடமில்லை. ஊழியரின் வேலை அனுமதிச்சீட்டு ஒரே முதலாளியுடன் கட்டப்பட்டிருக்கிறது. அந்த வேலை போனால் பெரும்பாலும் ஊருக்குத் திரும்ப வேண்டும். மறுபடி வர மறுபடி கட்டணம்.

இந்த வட்டத்தில் ஒரு சிறு மாற்றம் கொவிட்-19 காலத்தில் வந்தது. எல்லைகள் மூடி ஆள் பற்றாக்குறை ஏற்பட்ட 2021இல், வேலை முடிந்த கட்டுமான ஊழியர்கள் உடனே ஊர் திரும்பாமல் இங்கேயே வேறு முதலாளியைத் தேட வழி செய்யப்பட்டது. அவர்களின் விவரங்களைத் திரட்டி, ஆள் தேடும் நிறுவனங்களுடன் இணைக்கும் பொறுப்பைக் குத்தகையாளர்கள் சங்கம் ஏற்றது. கவனியுங்கள்: இதுவும் வேலை இல்லாதோர் பட்டியல்தான். அமெரிக்காவில் அது தொழிலாளர் சங்கத்தின் கையில். இங்கே முதலாளிகள் சங்கத்தின் கையில்.

என்ன செய்யலாம்?

அமெரிக்க வேலைக்கூடத்தை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உள்ளூர் உறுப்பினர்களுக்கு முதல் புத்தகம், வெளியூர்க்காரர்களுக்கு இரண்டாம் புத்தகம் என்று வைத்தால், தமிழ்நாட்டிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வருபவர்கள் எந்தப் புத்தகத்தில் இருப்பார்கள் என்பது சொல்லாமலே விளங்கும். அமெரிக்காவிலேயே கட்டுமானத் துறையில் சங்க உறுப்பினர்கள் இன்று ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான்.

ஆனால் அந்தக் கூடத்தின் அடிப்படையில் மூன்று நல்ல பழக்கங்கள் இருக்கின்றன: வேலைக்கு ஆள் அனுப்பும் விதி எழுத்தில் இருப்பது, வேலை பெறுவதற்குத் தொழிலாளி கடனாளி ஆக வேண்டியதில்லை என்பது, பதிவேட்டைத் தொழிலாளி பார்க்கலாம் என்பது. இம்மூன்றுக்கும் நம் சூழலில் இடம் உண்டு.

சிங்கப்பூர் தன் முத்தரப்பு முறையைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நாடு. ஏற்கெனவே இங்கிருக்கும் கட்டுமான ஊழியர்களுக்கான வேலைப் பதிவேட்டை அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்து நிர்வகிக்கலாம். தம் பெயர் அதில் இருக்கிறதா, எந்த நிறுவனங்கள் தம் விவரத்தைப் பார்த்தன, ஏன் வேலை அமையவில்லை என்பதை ஊழியர் தம் கைப்பேசியில் தமிழிலோ வங்காளத்திலோ பார்க்க முடிய வேண்டும். திறன் தேர்வில் தேறியவர்களின் பட்டியலையும் நிறுவனங்களே நேரடியாக அணுக வழிசெய்தால், துணை முகவர் நுழையும் கதவு ஒன்று அடைபடும். கட்டணத்தை முதலாளியே ஏற்பதும் முடியாத காரியமன்று.

இதனால் கட்டுமானச் செலவு கூடும், வீட்டு விலை ஏறும் என்று சிலர் சொல்வார்கள். கூடலாம். ஆனால் அந்தச் செலவு இன்றும் இல்லாமல் போய்விடவில்லை. புதுக்கோட்டையிலோ சிவகங்கையிலோ ஒரு குடும்பம் அதை வட்டியோடு கட்டிக்கொண்டிருக்கிறது. நாம் அதைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

மாணவர்களாகிய நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 400,000க்கும் மேற்பட்டோர் நம் கட்டுமானம், கப்பல் பட்டறை முதலிய துறைகளில் வேலை அனுமதிச்சீட்டில் இருக்கிறார்கள். நம் விரிவுரை மண்டபங்களையும் எம்ஆர்டி சுரங்கங்களையும் அவர்கள்தாம் கட்டுகிறார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் கட்டுமானப் பொறியியல், மனிதவள நிர்வாகம், சட்டம் படிக்கும் நம்மில் சிலர், இன்னும் சில ஆண்டுகளில் ஆள் எடுக்கும் மேசையில் உட்காரப்போகிறோம். அப்போது முகவர் கொண்டுவரும் ஆள் பட்டியலில் கையெழுத்திடும் முன், 'இவர்கள் இங்கே வர யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள்?' என்று கேட்கும் துணிவு நமக்கு வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. தமிழ் பேசத் தெரிந்த நமக்கு, மற்ற மாணவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. அந்த ஊழியர்களில் பலரிடம் நேரடியாகப் பேச முடியும். அனுமதிச்சீட்டு முடியும் தறுவாயில், இப்போதைய முதலாளியின் ஒப்புதல் இல்லாமலேயே வேறு கட்டுமான நிறுவனத்துக்கு மாற விண்ணப்பிக்கலாம் என்பது பல அண்ணன்களுக்குத் தெரியாது. முகவர் கட்டணத்துக்கு வரம்பு உண்டு என்பதும், கட்டிய பணத்துக்கு ரசீது கேட்கலாம் என்பதும் தெரியாது. தங்குவிடுதித் தொண்டூழியத்துக்குப் போகும்போது பலகாரப் பொட்டலத்தோடு இந்த மூன்று தகவல்களையும் தெளிவான தமிழில் எழுதி எடுத்துச் செல்லலாம்.